வலப்பக்கம் சாய்ந்தால்

ஏழு வயதில் எனக்கு வந்த காய்ச்சல் எனக்கு நினைவில்லை. நினைவிருந்தால் கொஞ்சம் தேவலை. அந்தக் காய்ச்சலுக்காக ஒருவர் இத்தனை வருஷம் பாடுபட்டிருக்கிறார், அது எப்படி இருந்தது என்றாவது எனக்குச் சொல்லத் தெரிய வேண்டாமா?

எல்லாம் அப்பா சொல்லிக் கேட்டதுதான். அப்போது எங்களுக்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸ். அப்பா கீமேன். சுத்தியலும் ஸ்பேனருமாகத் தினமும் தண்டவாளத்தோடு நடந்து, கழன்று கிடக்கும் ஆப்புகளை அடித்து இறுக்கிக்கொண்டே போவது அவர் வேலை. ஒருநாள் மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தவர், நான் கண் செருகிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் காட்டியாயிற்று, டிரெஸ்ஸர் உதட்டைப் பிதுக்கிவிட்டார் என்று அம்மா சொன்னாளாம். அப்பா ஈரத்தை மாற்றாமல் அப்படியே குவாட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த மாரியம்மன் கோயிலுக்குப் போனார். நடை சாத்தியிருந்தது. சாத்திய கதவைப் பார்த்தே சொன்னாராம்: "இவளை எனக்குக் குடுத்துடு ஆத்தா. இவ புருசன் வீட்டுக்குப் போறதுக்குள்ள உன்னைச் சுத்தி உருண்டு வரேன்."

அதுதான் அங்கப்பிரதட்சணம். குளித்து, ஈர வேட்டியோடு தரையில் படுத்து, தலைக்கு மேலே கையைக் கூப்பிக்கொண்டு, கோயிலைச் சுற்றி உருண்டு வருவது. சிலர் பால்குடம் நேர்ந்துகொள்வார்கள், சிலர் முடி. என் அப்பாவுக்கு அப்படிச் சின்னதாக எதையும் கேட்கத் தெரியாது, கொடுக்கவும் தெரியாது. உடம்பையே நேர்ந்துகொண்டார்.

நான் பிழைத்துக்கொண்டேன். அப்பா உருளவில்லை.

உருள மனசில்லாமல் இல்லை. திருவிழா அன்றுதான் உருள வேண்டும் என்று வைத்திருந்தார், திருவிழா வந்தால் கீமேனுக்கு லீவு கிடைக்காது. பெரிய வெள்ளம் வந்த வருஷம் எப்படியோ லீவு வாங்கிவிட்டார், ஆனால் லைனை ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது. வேட்டி எடுத்து வைத்தவரைக் கூப்பிட்டு மண்வெட்டியைக் கையில் கொடுத்தார்கள். அதற்கடுத்து அம்மா போனாள், அந்த வருஷம் முழுக்கத் தீட்டு. பிறகு என் கல்யாணம் சட்டென்று கூடி வந்து, நான் கிள்ளானுக்கு, ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்க்கிறவருக்கு மனைவியாகப் போய்விட்டேன். 'புருசன் வீட்டுக்குப் போறதுக்குள்ள' என்று சொன்ன வாக்கு, நான் ரயில் ஏறியபோதே பொய்த்துவிட்டது. பிளாட்பாரத்தில் அப்பா அழுதபோது பெண்ணைப் பிரிகிற அழுகை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கிள்ளானில் எனக்கு முதலில் வயிற்றில் தங்கியது மூன்றாம் மாதத்தில் போயிற்று. அடுத்ததும் நிற்பது போல நின்று கலைந்தது. இரண்டாவது தடவை அப்பா பார்க்க வந்தார். வந்தவர் உள்ளே வரவில்லை. வேலையில் தப்புச் செய்துவிட்டுத் துரை முன்னால் நிற்கிற ஆள் மாதிரி வாசலிலேயே நின்றார். 'என் கடன் தாயி, என் கடன்' என்றார். அப்போதுதான் இந்த நேர்த்திக்கடன் கதை முழுசாக எனக்குத் தெரிய வந்தது.

இதில் நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பிழைத்தேன், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு மனுஷன் உனக்காக ஒரு வாக்குக் கொடுத்து, அதைச் செலுத்த முடியாமல் உன் வாசலில் கூனிக் குறுகி நிற்கும்போது, அது அவர் பாடு என்று உன்னால் சோறு பிசைய முடியாது. எனக்கு முடியவில்லை. அன்றைக்கு நான் அவர்மேல்தான் எரிந்து விழுந்தேன். "யார் கேட்டா உங்களை உருளச் சொல்லி?" என்றேன். என் சுபாவம் அப்படி. நெஞ்சு குறுகுறுக்க ஆரம்பித்தால் வாய் சண்டைக்குப் போகும்.

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்ததும் அப்பா எங்களோடு வந்து தங்கினார். நான் மூன்றாவது தடவையாக உண்டாகி, நாலாம் மாதத்தைத் தாண்டி, மூச்சை விடவே பயந்துகொண்டிருந்த சமயம் அது. அப்போதுதான் அப்பாவுக்குத் தலைசுற்றல் ஆரம்பித்தது.

முதலில் ஒளித்துத்தான் வைத்தார். காலையில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருப்பார். 'என்னப்பா' என்றால் 'சும்மா' என்பார். கூரைக் கொக்கியில் மாட்டியிருக்கும் அரிக்கேன் விளக்கை எடுக்க அண்ணாந்தவர் ஒருநாள் அப்படியே சுவரோடு சரிந்தார். வாசலில் நடக்கும்போது ஒருபக்கமாக இழுக்கும், வேலியைப் பிடித்துக்கொள்வார். பக்கத்து வீட்டு அக்கா என் காதில் விழ வேண்டுமென்றே தன் புருஷனிடம் சொன்னாள்: "கெழவர் காலையிலேயே மாபோக் போலருக்கு." கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுஷனைக் குடிகாரன் என்கிறாள். நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து அவளைக் கிழி கிழியென்று கிழித்தேன். உள்ளே வந்தால் அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவளை ஏன் திட்டுறே. இது ஆத்தா குடுக்கற அடையாளம். என்னால தள்ளிப்போட முடியாது இனிமே," என்றார்.

திருவிழாவுக்குக் காத்திராமல், அடுத்த வெள்ளிக்கிழமையே என்னிடம் சொல்லாமல் ரயில் ஏறப் போனார். விடுவேனா? கூடவே போனேன். பிரிக்பீல்ட்ஸ் கோயில் கிணற்றில் குளித்து, ஈர வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சந்நிதிக்கு எதிரே படுத்தார். தலை கருவறைப் பக்கம், கால் வெளிப்பக்கம். அப்படிப் படுத்துக் கோயிலை வலம் வந்தால் வலப்பக்கமாகத்தான் உருள வேண்டும். இடப்பக்கமாக உருள வேண்டுமானால் காலை ஆத்தாவுக்கு நேராக நீட்ட வேண்டும். அதை யார் செய்வார்கள்?

வலப்பக்கம் ஒருதரம் புரண்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி புரளப் போனவர் தரையைப் பிராண்ட ஆரம்பித்தார். நல்ல சிமெண்டுத் தரையில் படுத்திருக்கிற ஆள், எங்கேயோ பள்ளத்தில் விழப்போகிறவர் போல இரண்டு கையையும் விரித்துத் தேடினார். பிறகு பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்துவிட்டார்.

அந்த இடத்தில் வாந்தி. என்னத்தைச் சொல்ல. பூசாரி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். கூட்டத்தில் ஒரு குரல் 'குடிச்சிருக்கான்' என்றது. யாரோ ஒரு கிழவி, கெட்ட எண்ணத்தோடு இல்லை, பரிதாபமாகத்தான் சொன்னாள்: "ஆத்தா ஏத்துக்கலப்பா." முதல் குரலை அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது குரல் மட்டும் அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு அவர் படுக்கவே இல்லை. சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி தூங்கினார். படுத்தால் ஆத்தா தன்னைத் தூக்கி எறிகிறாள் என்றார். சோற்றில் கை வைப்பார், அளைவார், எழுந்துவிடுவார். என் வயிற்றைப் பார்த்தால் பார்வையைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் நான் பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தபோது தன் தகரப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தார்.

"காப்பார் ஊருப் பக்கம் ரப்பர் தோட்டத்துல எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான். அங்க போய்க் கெடக்கறேன்."

"என்னத்துக்கு?"

"எம்மேல இருக்கற கோவம் இந்த வீட்டுக்கு வேணாம். ரெண்டு போயிருச்சு. இதுவாவது தங்கட்டும்."

நான் அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். போங்க பார்க்கலாம் என்றேன். வயிறும் பிள்ளையுமாகப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறவளை எழுப்பப் பயந்துகொண்டு அவர் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் அவர் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். நான் கிணற்றடியில் இருக்கும்போதோ தூங்கும்போதோ போய்விடுவார். இப்படியே பட்டினி கிடந்தால் காப்பார் தோட்டத்தில் யாரும் பார்க்காமல் செத்தும் போவார். எனக்காகத்தான். முதல் தடவை எனக்காக வாக்குக் கொடுத்தார், இந்தத் தடவை எனக்காகச் சாகப் போகிறார். அன்று வயிற்றுப் பிள்ளை உதைத்தபோது முதல்முறையாக எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்ததற்காக அழுதேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். அன்று மட்டும் பேசினார். கோலாலம்பூரில் ஒரு டாக்டர் புதிதாக டிஸ்பென்சரி வைத்திருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், காதும் தொண்டையும் பார்க்கிற படிப்பைச் சீமையில் படித்துவிட்டு வந்தவர், தலைசுற்றல் என்றால் அவரிடம் காட்டச் சொல்கிறார்கள் என்றார். தலைசுற்றலுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். 'எனக்கென்ன தெரியும், ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னாரு' என்றார். காப்பாருக்குப் போவதற்கு முன்னால் என்னோடு ஒரே ஒரு இடத்துக்கு வாருங்கள் என்று அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் வயசில் சின்னவர். பேச்சு நம் பேச்சு இல்லை, ஆனால் மரியாதையான பேச்சு. அப்பாவை 'ஐயா' என்றார், என்னைப் 'பிள்ளை' என்றார்.

"என்ன செய்யுது ஐயா உங்களுக்கு?"

"ஆத்தா குத்தம்," என்றார் அப்பா.

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. "ஓம். குற்றம் எப்ப வருது? எழும்பி நிக்கேக்க கண் இருட்டிக்கொண்டு வருதோ, இல்லாட்டிப் படுக்கேக்க வீடு சுத்துதோ?"

அப்பா யோசித்தார். "இருட்டல. சுத்துது. படுக்கறப்ப, எந்திரிச்சு உக்கார்றப்ப, கட்டில்ல பொரள்றப்ப. அண்ணாந்தாலும் வரும்."

"சும்மா இருக்கேக்க?"

"சும்மா இருந்தா ஒண்ணுமில்ல. ஆனா கால் தரையில பாவாத மாதிரி இருக்கும்."

"எந்தப் பக்கம் புரளேக்க?"

அப்பா அவரையே பார்த்தார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. திட்டியிருக்கிறேன், கெஞ்சியிருக்கிறேன், எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்கவில்லை.

"வலப்பக்கம்," என்றார் மெதுவாக. அதைச் சொன்னபோது அவருக்கே அது அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

டாக்டர் விடவில்லை. கொய்னா மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றார். லைனில் இருந்தபோது காய்ச்சலுக்கு விழுங்கியது, இப்போது இல்லை என்றார் அப்பா. காது இரைகிறதா, செவிடு தட்டுகிறதா, தலையில் அடிபட்டதா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். கள்ளு குடிப்பீர்களா என்றும் கேட்டார். அப்பாவின் முகம் சிவந்தது. "கோவியாதேங்கோ. கேக்காமல் விட்டா நான் டாக்டர் இல்லை," என்றார். கையில் துணிப்பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். கண்ணை மூடி நிற்கச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், ஒரு கோட்டின்மேல் நடக்கச் சொன்னார். தண்டவாளத்தின்மேல் ஆயுசு முழுக்க நடந்த ஆளுக்கு இதென்ன சோதனை என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா நன்றாகவே நடந்தார்.

பிறகு ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து அப்பாவுக்கு மாட்டினார். தடித்த கண்ணாடி. அதற்குள்ளே அப்பாவின் கண்கள் பெரிய நுங்கு மாதிரி தெரிந்தன. மேசையின்மேல் நீளவாக்கில் உட்கார வைத்து, "பிள்ளை, இஞ்ச வாங்கோ. நீங்களும் பாருங்கோ. ஐயா, என்ன வந்தாலும் கண்ணை மூடப்படாது, என்னையே பாத்துக்கொண்டு இருங்கோ," என்றார். அப்பாவின் தலையை இடப்பக்கம் திருப்பி, தோளைப் பிடித்துச் சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்தார். தலை மேசை விளிம்புக்கு அப்பால் கொஞ்சம் தொங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. எழுப்பி உட்கார வைத்தார். இந்தத் தடவை தலையை வலப்பக்கம் திருப்பினார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

படுத்ததும் கண் சும்மாதான் இருந்தது. டாக்டர் கையை உயர்த்தி, பொறு என்று எனக்குச் சைகை காட்டினார். அப்புறம் வந்தது. அப்பாவின் கருவிழி இரண்டும் தானாகத் திருகிக்கொண்டு துடித்தன. ஒரு பக்கம் இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. அப்பா அசையாமல் கிடக்கிறார், கண் மட்டும் எங்கேயோ ஓடுகிறது. அவர் விரல்கள் என் கையை நொறுக்கின. "விழுறேன் தாயி," என்றார். அந்தச் சுற்றலை நான் ஆத்தாவின் சீற்றம் என்றோ அப்பாவின் பயம் என்றோ இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது கண்ணில் கண்டுகொள்கிற மாதிரி ஒரு சங்கதியாக இருக்கும் என்று நினைத்ததில்லை. கொஞ்ச நேரத்தில் துடிப்பு தேய்ந்தது. தேய்ந்து, நின்றே போயிற்று. அப்பா அதே இடத்தில் அப்படியேதான் கிடந்தார்.

டாக்டர் அதையே மறுபடி செய்தார். இந்தத் தடவை துடிப்பு குறைவு. மூன்றாந்தரம் லேசாக ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.

"பாத்தனீங்களோ? உள்காதிலை, தலை எந்தப் பக்கம் சரியுது எண்டு சொல்லுற சின்ன உறுப்பொண்டு இருக்கு. வயது போகேக்க சில பேருக்கு அது பழுதாகும். இவருக்கு வலது காதிலை. அந்தப் பக்கம் சரிச்சா அது பொய் சொல்லும், கண் அதை நம்பி ஓடும். மூளையிலை ஏதும் வருத்தம், நோயெண்டா படுத்த உடன துவங்கும், நிக்காது. இது கொஞ்சம் பொறுத்து வரும், தானா நிக்கும், திருப்பித் திருப்பிச் செய்தாக் களைச்சுப்போகும். பயப்பிட ஒண்டுமில்லை. மருந்தும் இல்லை. வந்த மாதிரியே ஒருநாள் போயிடும்."

நான் அழுதுவிட்டேன். காது, வெறும் காது. அப்பா கண்ணாடியைக் கழற்றி டாக்டரிடம் கொடுத்துவிட்டுக் கும்பிட்டார். ரயிலில் வரும்போது நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். கேட்டீங்களாப்பா, யாருக்கும் கோவமில்ல, யாரும் உங்களை ஒதுக்கல, காப்பாரும் வேணாம் கீப்பாரும் வேணாம். அப்பா வெளியே ஓடுகிற ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"யாருக்குக் காது குத்தறாரு அந்த டாக்டரு?" என்று ஒருதரம் சொல்லிச் சிரித்தார். ரொம்ப நாள் கழித்து அவர் சிரித்தது அன்றுதான். அப்புறம் முகம் மாறிவிட்டது.

"அப்ப ஆத்தா என்னை வேணாம்னு சொல்லல," என்றார்.

"இல்லப்பா."

"அப்ப நாந்தான் இன்னும் செய்யல. வேணாம்னு சொல்லிட்டாள்னா அதோட போச்சுன்னு இருந்தேன். இப்ப அதுவும் இல்ல."

நான் என் அப்பாவின் தோளிலிருந்து ஒரு பாரத்தை இறக்கியதாக நினைத்தேன். அதற்கு அடியில் இருந்த பெரிய பாரத்தை இந்த டாக்டரும் நானும் சேர்ந்து அவருக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறோம். இத்தனை நாள் மாட்டேன் என்று ஆத்தா சொன்னதாக ஒரு ஆறுதலாவது அவருக்கு இருந்தது.

கிள்ளான் ஸ்டேஷன் வரும் முன்னால் அவர் கேட்டார்: "திரும்பத் திரும்பச் செஞ்சா களைச்சுப்போகும்னாரே, அது எவ்வளவு நேரம் களைச்சு இருக்கும்?"

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும், கட்டிலில் உட்கார்ந்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சரேலென்று படுப்பார். சுற்றல் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். நான் எச்சில் படிக்கத்தை ஒரு கையில் பிடித்தபடி, குனிந்து அவர் கண்ணைப் பார்க்க வேண்டும். "நின்னுச்சா?" என்பார். ஓடிக்கொண்டிருக்கும். "இன்னும் இல்லப்பா." "இப்ப?" "நின்னுடுச்சு." எழுந்து உட்கார்வார். மறுபடியும் சரேலென்று படுப்பார். வாந்தி வந்தால் எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, மறுபடி. எந்தப் பிறவியிலும் என்னால் மறக்க முடியாத காட்சி அது. ஒரு மனுஷன் வேண்டுமென்றே பள்ளத்தில் விழுகிறார், விழுந்து எழுந்து மறுபடி விழுகிறார், எல்லாம் என் வயிற்றுப் பிள்ளைக்காக. வேணாம்ப்பா என்று சொன்னால் கேட்கமாட்டார். அந்த இடத்தைவிட்டு எழுந்து போகவும் எனக்கு வழியில்லை, கண்ணைப் பார்க்க ஆள் வேண்டுமே. ஒருநாள் தாங்காமல் கத்திவிட்டேன். "நான் அப்பவே செத்துப்போயிருக்கலாம்." அவர் படுத்த வாக்கில், கண் ஓடிக்கொண்டிருக்கும்போதே, என் வாயைப் பொத்தக் கையை நீட்டினார். கை என் வாய்க்கு வரவில்லை, எங்கேயோ காற்றில் தேடியது.

நாளாக ஆக, அவர் கணக்குச் சரிதான் என்று தெரிந்தது. விடாமல் செய்தால், அந்தக் காலைப்பொழுது முழுக்கக் கண் அடங்கிக் கிடந்தது. மறுநாள் மறுபடி வரும், ஆனாலும் ஒரு காலைப்பொழுது போதும் அவருக்கு.

எனக்கு ஏழாம் மாதம் தொடங்கிவிட்டால் நான் கோயில் படி ஏறக் கூடாது என்பதால் அதற்கு முந்திய வெள்ளிக்கிழமையே போனோம். பூசாரி எங்களைப் பார்த்ததும் குடத்தைத் தேடினார்.

"திரும்பவுமா? போன தடவை ஆத்தா காட்டினது போதாதா?"

"ஆத்தா ஒண்ணும் காட்டல. இவருக்குக் காது கெட்டுப்போச்சு," என்றேன். "காது கெட்ட ஆள் கும்புடக் கூடாதுன்னு எந்த ஆத்தா சொன்னா? சொல்லுங்க, நாங்க வந்த வழியே போயிடறோம்." அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் யாரும் வாயைக் கொடுக்க மாட்டார்கள்.

அப்பா சந்நிதிக்கு எதிரே தலைவைத்துப் படுத்தார். உடனே உருளவில்லை. வலப்பக்கம் தலையைத் திருப்பிக் கிடந்தார். நான் ஈரத்தில் மண்டிபோட்டு அவர் கண்ணைப் பார்த்தேன். ஓடியது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. "நின்னுச்சா?" "இல்லப்பா." "இப்ப?" நின்றது. எழுந்து உட்கார்ந்தார், மறுபடி படுத்தார். சாமி கும்பிட வந்தவர்கள், இதென்ன புதுப் பிரார்த்தனை என்பது போல நின்றார்கள். அன்று நாங்கள் செய்ததற்கு என்ன பெயர் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. டாக்டரின் மேசைமேல் பார்த்ததை ஆத்தாவின் முன்னால் செய்தோம். கண் அசையாமல் அடங்கியதும், "போங்கப்பா," என்றேன்.

உருண்டார். எலும்பும் தோலுமான உடம்பு தரையில் தட்டித் தட்டிப் போன சத்தம் எனக்குக் கேட்டது. நான் பக்கத்திலேயே நடந்தேன். மூலைக்கு மூலை நின்றார், நான் குனிந்து பார்த்தேன், போனார். பின்பக்கம் வந்தபோது முழங்கையில் ரத்தம். போதும்ப்பா என்று ஒருதரம் சொன்னேன், அவர் கேட்காத மாதிரி போனார். மறுபடி சந்நிதிக்கு எதிரே வந்து மல்லாந்து நின்றது அந்த உடம்பு.

நான் பழக்கத்தில் அவர் கண்ணைத்தான் பார்த்தேன். அசையவில்லை. தெளிவாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நின்னுச்சா என்று கேட்பார், நின்னுடுச்சுப்பா என்று சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தேன்.

"உள்ள அசையுதா தாயி?" என்றார்.

அன்று காலையிலிருந்து பிள்ளை சும்மாதான் கிடந்தது. "அசையுதுப்பா," என்றேன். ஆத்தாவின் எதிரில் நின்றுகொண்டு சொன்ன பொய். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிள்ளை ரயிலில், பாதிவழி வந்தபிறகுதான் அசைந்தது. அதுவரைக்கும் நான் பட்ட பாட்டை எழுதப்போவதில்லை.

பெண் பிறந்தாள். அவள் பிறந்த சமயத்தில் அப்பாவுக்குத் தலைசுற்றல் போய்விட்டிருந்தது. ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்றார் அவர். டாக்டரிடம் சொன்னபோது, இது இப்படித்தான், வந்த மாதிரியே போகும் என்றார். இரண்டு பேர் சொன்னதற்கும் நான் தலையாட்டினேன். அதன் பிறகு அப்பா கட்டிலில் காலை நீட்டி, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் புரண்டு தூங்கினார்.

அன்று அப்பாவுக்கு இருந்த வயதைவிட எனக்கு இன்று வயது கூட. போன மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் படுக்கையில் வலப்பக்கம் புரண்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கூரை ஓட ஆரம்பித்தது. எனக்கு எல்லாம் தெரியும். பொறுத்து வரும், தானாக நிற்கும், திருப்பிச் செய்தால் களைத்துப்போகும். இந்தக் கிள்ளானில் அதை என்னளவு கிட்ட இருந்து பார்த்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு என் வாய் முதலில் சொன்னது, 'ஆத்தா, எதை மறந்தேன்?'

சத்தம் கேட்டு என் மகள் ஓடிவந்தாள். வயிற்றில் அன்று அசையாமல் கிடந்தவள்தான். என் கண்ணைப் பார், ஓடுகிறதா பார் என்றேன். பார்த்தாள். ஓடுதும்மா என்றாள். பயப்படாதே, காது, தானாக நிற்கும் என்றேன். நின்றதும் நிமிர்ந்து பார்த்தால், அவள் சுவரில் இருந்த மாரியம்மன் படத்தின் பக்கம் திரும்பி, உதடு அசைய நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி முணுமுணுக்கறே? எனக்காக எதையும் நேர்ந்துக்காதே. சொல்லிட்டேன். இது காது."

"தெரியும்மா, காதுதான்," என்றாள். தலையணையைச் சரிசெய்தாள், போர்வையை இழுத்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நேர்ந்துக்கிட்டியா?"

"உருள்றதெல்லாம் இல்லம்மா. பால்குடம் மட்டுந்தான்."

சுற்றல் இன்னும் எனக்கு முழுசாகப் போகவில்லை. போய்விட்டது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். முதுகு வலிக்கிறது என்று சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்துதான் தூங்குகிறேன்.